ஏழாம் நம்பர் தூங்கிவிட்டதா?

"இந்த உலகத்துல எதை வேணும்னாலும் நான் தூங்க வெச்சுடுவேன். அது பெரிய விஷயமே இல்ல. தூங்கறதைத் தூங்க விடறது இருக்கு பாரு, அதுதான் அறிவு. அந்த அறிவு மனுஷ குலத்துலயே ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் இருக்கு."

தூங்கும் குழந்தையின் அறை வாசலில் நின்று, இரண்டு கைகளாலும் கதவை மறித்தபடி, அவன் தன் மனைவியிடம் இதை உரத்த குரலில் சொன்னான். அந்த ரொம்பக் கொஞ்சம் பேர் யார் யார் என்று அவன் சொல்லவில்லை. அடக்கம்.

"வழி விடுங்க. பாப்பா தூங்கிட்டாளான்னு ஒரே ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்."

"தூங்கிட்டாளான்னு பார்க்க நீ கதவைத் திறப்ப. கதவு கிறீச்சுனு கத்தும். அவ முழிச்சுக்குவா. அவளைத் தட்டிக் கொடுத்துத் தூங்க வைப்ப. அப்புறம் தூங்கிட்டாளான்னு பார்க்க மறுபடியும் கதவைத் திறப்ப. இதுக்கு முடிவு உண்டா? எங்க ஆபீஸ்ல ஒரு சென்சார் இப்படிப் பண்ணினா கழட்டிக் குப்பையில போட்டுடுவோம்."

"நான் சென்சார் இல்லைங்க."

"அதுதான் பிரச்சினையே. சென்சாரா இருந்தா திருத்தியிருக்கலாம்."

உள்ளே குழந்தை வீறிட்டது.

"பார்த்தியா?" என்றான் அவன், நிரூபணம் கிடைத்த விஞ்ஞானியின் நிதானத்தோடு. "நீ பார்க்கணும்னு நினைச்சதுக்கே எழுந்துட்டா."

மனைவி அவனுடைய கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் தாலாட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளம் போடுகிறவர்கள் மட்டும் அதைப் பயன்படுத்தினார்கள், அதுவும் மாதத்துக்கு ஒருமுறை.

அவனுடைய நிறுவனம் மருந்துக் கிடங்குகளுக்காகச் சின்னச் சின்ன சென்சார்கள் செய்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. குளிர்ப்பெட்டிக்குள் ஒட்டிவிட்டால் போதும், கம்பி எதுவும் வேண்டாம். உள்ளே ஒரு பட்டன் பாட்டரி, ஒரு ரேடியோ, கணக்குப் பார்க்க ஒரு குட்டி மூளை, குறித்துவைக்க ஒரு ஃப்ளாஷ் மெமரி. அவ்வப்போது எழுந்து, பெட்டிக்குள் எவ்வளவு குளிர் என்று பார்த்து, ஃப்ளாஷில் குறித்து, கிடங்கின் கம்ப்யூட்டருக்குக் காற்று வழியே சேதி அனுப்பிவிட்டு, மறுபடி படுத்துவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் தூக்கம். எவ்வளவு நன்றாகத் தூங்குகிறதோ அவ்வளவு காலம் பாட்டரி தாங்கும். மனிதர்களுக்கு இந்தத் தகுதி இருந்தால் வேலையை விட்டுத் துரத்துவார்கள். சென்சாருக்கு இதுதான் முக்கியத் தகுதி.

அந்தக் கூட்டுக்குடும்பத்தில் அதிகம் சாப்பிடுகிறவர்களில் ஒருவர் ஃப்ளாஷ் மெமரி. படிக்கச் சொன்னால் கொஞ்சம் சாப்பிடுவார். எழுதச் சொன்னால் நிறையச் சாப்பிடுவார். பழையதை அழித்துவிட்டு எழுதச் சொன்னால் பந்தியில் மற்றவர்களுக்கு மிச்சம் வைக்க மாட்டார். ஒன்றுமே சொல்லாமல் விட்டாலும் சும்மா இருப்பாரா? யாராவது கூப்பிடுவார்களோ என்று அரைக்கண் மூடி உட்கார்ந்து, எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பார். "யாரும் கூப்பிட மாட்டாங்க, கட்டையைச் சாய்" என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்தால்தான் ஆழ்ந்து தூங்குவார். அந்தக் கட்டளையை எந்த நொடியில், எப்படிக் கொடுப்பது என்று புரோகிராம் எழுதுவதுதான் தாலாட்டின் உத்தியோகம்.

இருபது சென்சார்களை ஒரு பெரிய மருந்துக் கிடங்கில் சோதனைக்காக ஒட்டியிருந்தார்கள். ஒட்டிவிட்டு வந்த மறுநாள் முதலாளி கூப்பிட்டார். முதலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ஒருநிமிஷம். "ஒரு நிமிஷம் உள்ள வா" என்று அவர் கூப்பிட்டால், போகும்போது வாங்கிவைத்த டீயைத் திரும்பி வந்து யாரும் குடித்ததில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு பாட்டரி மாத்தவே வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்" என்றார் முதலாளி.

"சார், நான் ஒண்ணரை வருஷம்னுதானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன்?"

"சொல்லும்போது ரெண்டுன்னு வந்துருச்சு. வாயில இருந்து வந்ததைத் திரும்ப உள்ள போட முடியுமா? நீ புரோகிராமை மாத்து." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வெள்ளிக்கிழமை அவங்க பெரிய ஆளுங்க கிடங்குக்கு வந்து பார்க்கறாங்க. எல்லாம் சரியா இருந்தா அவங்களோட எல்லாக் கிடங்குக்கும் நம்ம சென்சார்தான். இல்லேன்னா உன் பிரிவை மூடிடுவேன். உன் பிரிவுல யாரெல்லாம் இருக்காங்க?"

"நான் மட்டும்தான் சார்."

"அப்ப பெரிய சிரமம் இல்லை" என்றார் முதலாளி, நிம்மதியாக.

தாலாட்டுக்கு அப்போதுகூடக் கவலை வரவில்லை. தன் புரோகிராமின் மேல் அவ்வளவு நம்பிக்கை. போதாததற்கு, கையில் ஆப் இருந்தது. அவனே எழுதிய ஆப். திரையை விரலால் கீழே இழுத்தால் போதும். கிடங்கின் கம்ப்யூட்டர் வழியாகச் சேதி போய், ஏழாம் நம்பர் சென்சார் மரியாதையாக எழுந்து, ஃப்ளாஷையும் எழுப்பி, குறிப்புகளைப் படித்து, பாட்டரியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பதில் அனுப்பும். இந்த வசதியை அவன் மனைவிக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும், கேஸ் கொண்டுவந்தவருக்கும் காட்டியிருந்தான். ஆப் எழுதிய நாளில் மேஜைமேல் கிடந்தது ஏழாம் நம்பர் என்பதால், அது ஏழாம் நம்பரோடு மட்டும்தான் பேசும். மற்ற பத்தொன்பதும் கிடங்கின் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசும். ஒரு சோற்றைப் பார்த்தால் போதாதா, பானை முழுக்க ஏன் கிளற வேண்டும் என்பது அவனுடைய வாதம்.

திரையை இழுத்தான். சின்ன வட்டம் சுற்றியது. தொண்ணூற்றொன்பது சதவீதம்.

இரண்டு வருடம் தாங்க வேண்டிய பாட்டரிக்கு ஒரே நாளில் ஒரு சதவீதம் குறைவது நல்ல சகுனமா என்று யோசித்தான். மறுபடி இழுத்தான். தொண்ணூற்றொன்பது. நல்லவேளை. சாப்பிட்டுவிட்டு வந்து இழுத்தான். தொண்ணூற்றெட்டு.

அன்று சாயங்காலத்துக்குள் தொண்ணூற்று நான்கு ஆகியிருந்தது. தாலாட்டுக்குள் ஒரு கவலை எழுந்து உட்கார்ந்தது. அதற்குத் தூக்கக் கட்டளை எதுவும் அவனிடம் இல்லை.

"அக்கா, ஃப்ளாஷ் தூங்கலை" என்றான்.

மீட்டர் அக்கா தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று மீட்டர் வைத்து அளப்பது அவளுடைய வேலை. நிறுவனத்தில் அவளைவிட மூத்த சாதனம் எதுவும் இல்லை, மீட்டரைத் தவிர.

"இங்க மேஜையில அளந்தப்ப நல்லாத் தூங்குச்சேடா."

"இங்க தூங்குச்சு. அங்க தூங்கலை. புது இடம்."

"சிப்புக்கு ஏதுடா புது இடம் பழைய இடம்?"

தாலாட்டு விவாதிக்கிற நிலையில் இல்லை. உட்கார்ந்து புரோகிராமில் ஒரு சின்னப் பாதுகாப்பைச் சேர்த்தான். ஃப்ளாஷுக்குத் தூக்கக் கட்டளை கொடுத்த பிறகு, கொஞ்ச நேரம் விட்டு, 'தூங்கிட்டியா?' என்று ஒரு கேள்வி. பதில் வந்தால் தூங்கவில்லை என்று அர்த்தம். மறுபடி கட்டளை கொடுக்க வேண்டியது. அழகான யோசனை. இதை முதலில் ஏழாம் நம்பரில் போட்டுப் பார்ப்போம், சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பலாம் என்று முடிவு செய்தான். அவன் எப்போதும் நிதானமானவன்.

புதிய புரோகிராம் காற்று வழியே ஏழாம் நம்பருக்குப் போனது. போன புரோகிராம் எங்கே போய் உட்காரும்? ஃப்ளாஷில்தான். பழையதை அழித்து, புதியதை எழுதி, சரியாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, அதாவது ஃப்ளாஷின் மெனுவில் இருந்த எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் சாப்பிட்டு முடித்தபோது பாட்டரி எண்பத்தாறு.

"பரவாயில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "வைத்தியச் செலவு."

இழுத்தான். எண்பத்தைந்து. மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே இழுத்தான். எழுபத்தேழு. பிரஷ் வாயிலேயே நின்றது.

மீட்டர் அக்கா அதே புரோகிராமைத் தன் மேஜைமேல் இருந்த ஒரு சென்சாரில் ஏற்றி அளந்து பார்த்தாள். மீட்டரின் கோடு சீப்புப் பல் மாதிரி குத்திக் குத்தி எழுந்து நின்றது.

"இந்த சிப்பு எந்த சத்தம் கேட்டாலும் முழிச்சுக்கும்டா. நீ 'தூங்கிட்டியா'ன்னு கேக்கற. அது எழுந்து 'ம்' சொல்லுது. ஐயோ தூங்கலையேன்னு நீ மறுபடி படுக்க வைக்கற. மறுபடி கேக்கற. மறுபடி 'ம்'. பாவம்டா அது."

தாலாட்டு திரையையே பார்த்தான். "எந்த முட்டாள் இதை எழுதினது?"

"மேல உன் பேரு போட்டிருக்கு. நிஜப் பேரு."

"அக்கா, இது அப்படியே என் பொண்டாட்டி" என்றான் தாலாட்டு, வியப்போடு. "அவளும் பாப்பா விஷயத்துல இதேதான். பாரு, வீட்டுல கூடவே இருந்து இருந்து எனக்கும் ஒட்டிக்கிச்சு."

காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதால் அவனுக்கு உயிர் வந்தது. கேள்வியை நீக்கினான். திருத்திய புரோகிராமை அனுப்பினான். அனுப்பிய செலவில் பாட்டரி அறுபத்தெட்டு ஆனது. அதனால் என்ன, இனி குறையாது. உறுதி செய்துகொள்ள இழுத்தான். அறுபத்தெட்டு. இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டான். அறுபத்தெட்டு. மூன்றாவது உறுதியில் அறுபத்தேழு.

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து நிறுத்தி வைத்திருந்தான். ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு தடவை இழுத்து, ஒரு வாய் சாப்பிட்டு.

"போனைக் கொஞ்சம் கீழ வையுங்க. சாப்பாடு எதுல போகுதுன்னே உங்களுக்குத் தெரியலை" என்றாள் மனைவி.

"இது கண்காணிப்பு."

"அப்படியா? அப்ப நானும் பாப்பாவைக் கண்காணிச்சுட்டு வரேன்."

"அது கண்காணிப்பு இல்ல. எட்டிப் பார்க்கறது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. கண்காணிப்புங்கறது தொழில்."

மனைவி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "வேலை போயிடும்னு பயமா இருக்கா?" என்று கேட்டாள், இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை.

"எனக்கா? பயமா?" என்று சிரித்தான் தாலாட்டு. சிரித்த வேகத்தில் புரை ஏறியது. அவள் தலையில் தட்டினாள். தட்டின சத்தத்தில் உள்ளே குழந்தை எழுந்துவிட்டது.

அடுத்த நாள் தாலாட்டு முறையாக இறங்கினான். ஏழாம் நம்பர் எதனால் எழுகிறது என்று தெரிந்தால்தானே சரி செய்ய முடியும்? ஆகவே ஒவ்வொரு தடவை ஃப்ளாஷ் எழும்போதும், எழுந்ததற்கான காரணத்தைக் குறித்துவைக்கும்படி புரோகிராமை மாற்றினான். எங்கே குறித்துவைப்பது? ஃப்ளாஷில்தான். வேறு எங்கே எழுத இடம் இருக்கிறது?

ஏழாம் நம்பர் கடமை தவறவில்லை. எழுந்தது. எழுந்ததைக் குறிக்க ஃப்ளாஷை எழுப்பியது. ஃப்ளாஷ் எழுந்துவிட்டதே என்று அதையும் குறித்தது. குறிப்பதற்காக எழுந்ததைத் தனியாகக் குறித்தது. இடம் தீர்ந்ததும் பழைய குறிப்புகளை அழித்து, அழித்தேன் என்று எழுதியது. உலகத்தில் சிலர் தினசரி தாங்கள் செய்தது எல்லாவற்றையும் ஊருக்கு அறிவித்துக்கொண்டு, அறிவிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் இருப்பார்கள். ஏழாம் நம்பர் அந்த வாழ்க்கைக்குப் போய்விட்டது.

தாலாட்டு குறிப்புகளை வரவழைத்துப் படித்தான். முதல் வரி: எழுந்தேன், எழுதுவதற்காக. இரண்டாவது வரி: எழுந்தேன், எழுதுவதற்காக. பத்தாவது வரியிலும் அதுவே இருந்தது. முழுவதையும் படித்துவிடலாம் என்றால், அதைப் படித்து அனுப்புகிற செலவில் பாட்டரி ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. அலறியடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தினான்.

"எதுக்குடா வேர்க்குது உனக்கு? ஏசி ஓடுதே" என்றாள் மீட்டர் அக்கா.

"நாப்பத்தெட்டு அக்கா."

"எனக்கும்தான் ஆகப்போகுது. அதுக்கு நான் வேர்க்கறேனா?"

"பாட்டரி!"

மீட்டர் அக்கா தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன். அதை அப்படியே விடு. ஒண்ணும் பண்ணாத. ரெண்டு நாள் தொடவே தொடாத. அப்புறம் பார்ப்போம்."

தாலாட்டுக்குக் கோபமே வந்துவிட்டது. வீடு பற்றி எரியும்போது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்கிறாள். வெள்ளிக்கிழமைக்கு இருப்பதே இரண்டு நாள். "உங்களுக்கு என்ன அக்கா, உங்க பிரிவுல நீங்களும் மீட்டரும் இருக்கீங்க. என் பிரிவுல நான் மட்டும்தான்."

அக்காவின் நாற்காலி வந்த வழியே உருண்டு போனது.

கடைசி வைத்தியம், பெரிய வைத்தியம். குறிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளாஷில் எழுதுவதுதானே செலவு? தலையிலேயே நினைவு வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சேர்த்து நாளுக்கு ஒரே தடவை எழுதினால்? புத்தகத்தில் போட்டிருக்கிற வழி. சரியான வழியும்கூட, பாட்டரி ஆரோக்கியமாக இருந்தால். ஆனால் ஏழாம் நம்பரின் பாட்டரி அப்போது பத்து வீட்டுக் கல்யாணத்தில் அலைந்து திரும்பியவரைப்போல் இருந்தது. நாள் முழுக்கச் சேர்த்த குறிப்புகளை ஃப்ளாஷ் ஒரே மூச்சில் எழுதத் தொடங்கியதும், பாட்டரி மயங்கி விழுந்தது. சென்சார் அணைந்து, திரும்ப உயிர்பெற்று, 'நான் யார், இது எந்தப் பெட்டி' என்று முதலிலிருந்து தொடங்கியது. தலையில் வைத்திருந்த குறிப்புகள் போனது போனதுதான். மருந்துப் பெட்டி ஒன்று ஒரு நாள் முழுக்க எவ்வளவு குளிராக இருந்தது என்பது இனி அந்த மருந்துக்கு மட்டுமே தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தது. கிடங்கு. சென்சார்களின் சேதி வருகிற கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா. கிடங்குப் பொறுப்பு முழுக்க அவர்தான்.

தாலாட்டு ஒரு கையால் அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பதற்றத்தில் மறு கையால் தன் போனில் ஆப்பை இழுத்தான். முப்பத்தொன்று.

"தம்பி, அந்த ஏழாம் நம்பர் பத்தி ஒண்ணு கேக்கணும்" என்றார் கிடங்கு அம்மா. அவருக்குப் பின்னால் எங்கோ 'டிங்' என்று ஒரு மணிச் சத்தம் கேட்டது. லிஃப்ட் போலிருக்கிறது.

"தெரியும்மா! எங்க கவனத்துக்கு வந்துருச்சும்மா! நாங்க பார்த்துக்கிட்டேதான் இருக்கோம்!"

"அதைத்தான் தம்பி கேக்கறேன். இப்படிப் பார்த்துக்கிட்டே..."

"சரி பண்ணிடறோம்மா! வெச்சுடறேம்மா!"

வைத்துவிட்டான். தெரிந்துவிட்டது. வாடிக்கையாளருக்கே தெரிந்துவிட்டது. ஏழாம் நம்பரே இந்த லட்சணம் என்றால், அதே பாட்டரி, அதே சிப்பு, அதே நிறுவனத்தின் மற்ற பத்தொன்பதும்? அவை இருளில், குளிரில், யாரும் கேட்க நாதியில்லாமல் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியை நினைத்ததும் இன்னொரு தடவை இழுத்தான்.

முதலாளியிடம் சொல்லாமல் முடியாது. சொன்னான். அவருடைய வரலாற்றில் முதல்முறையாக அந்த ஒரு நிமிஷம் ஒரே நிமிஷமாக முடிந்தது.

"மத்ததெல்லாம் எப்படி இருக்குன்னு அந்தம்மாகிட்டக் கேட்டியா?"

"கேட்கட்டுமா சார்?"

"கேட்டே, தொலைஞ்சோம்! கேட்டா சந்தேகம் வந்துரும். ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. நாளைக்குக் காலையில அவங்க ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி நீ போற. இருபது புது பாட்டரி எடுத்துக்கற. தூசி தட்ட வந்தேன்னு சொல்லு. தட்டற மாதிரி தட்டி, எல்லாத்தையும் மாத்திட்டு வந்துடு."

"ரெண்டு வருஷம் மாத்த வேண்டாம்னு சொன்ன பாட்டரியை..."

"அவங்க பார்க்கும்போது மாத்தலையேய்யா!"

வெள்ளிக்கிழமை காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவி குழந்தையின் அறை வாசலில் நின்றிருந்தாள்.

"திறக்காத" என்றான் தாலாட்டு. ஒரு கையில் பாட்டரிப் பை, மறு கையில் தூசி தட்டும் பிரஷ். இருந்தும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. "தூங்கறதை எழுப்பறவங்க எல்லாம் என்ன ஆவாங்க தெரியுமா?"

"தூசி தட்டப் போவாங்களா?"

கிடங்கு நீளமாக, வெள்ளையாக, மூக்கு விறைக்கும் குளிரோடு இருந்தது. இரண்டு பக்கமும் வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றில் குளிர்ப்பெட்டிகள். கடைசியில் ஒரு மேஜை, கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் சால்வை போர்த்திய கிடங்கு அம்மா. அவருடைய முதுகுதான் தெரிந்தது.

உள்ளே கால் வைக்கும் முன் தைரியத்துக்காக ஒரு தடவை போனை எடுத்து இழுத்தான். பத்தொன்பது. தூரத்தில் 'டிங்' என்றது. "ச்சே" என்றார் கிடங்கு அம்மா, யாரிடமும் இல்லாமல்.

"வணக்கம்மா. தூசி தட்ட வந்தேன்."

"வாங்க தம்பி. இங்க ஏது தூசி? மூணு கதவு தாண்டித்தான் காத்தே உள்ள வருது."

"அதாம்மா, வர்றதுக்கு முன்னாடியே தட்டிடலாம்னு."

"நல்லது, தட்டுங்க" என்றார் அந்த அம்மா. பெரியவர்கள் வருகிற நாளில் கிறுக்குத்தனமாக நடந்துகொள்ளும் ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். "நானே உங்க ஆபீஸ்ல யாராவது வந்தா பேசணும்னு இருந்தேன். நேத்து போன்ல நீங்க பாதியிலயே..."

"ஒரே நிமிஷம்மா, தட்டிட்டு வந்துடறேன்!"

ஓட்டமாக முதல் வரிசைக்குப் போனான். நேராக ஏழாம் பெட்டி. அதற்குத்தான் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது, மற்றவை அப்புறம். பெட்டிக்குள் தலையை விட்டுச் சென்சாரைக் கழற்றினான். விரல்கள் குளிரில் மரத்துப் போயிருந்தன. மூடி கழன்று அலமாரிக்கு அடியில் உருண்டது. மண்டியிட்டு, பிரஷால் துழாவி, மூடியோடு நிஜமாகவே கொஞ்சம் தூசியும் வெளியே எடுத்தான். அதைப் பார்த்ததும் ஏனோ கண் கலங்கியது. இந்த வாரத்தில் அவன் சொன்னதில் ஒரே ஒரு விஷயம் உண்மையாகியிருந்தது.

பழைய பாட்டரியைத் தள்ளி, புதியதைப் பொருத்தினான். சின்ன விளக்கு ஒருமுறை பச்சையாகச் சிமிட்டி அணைந்தது. ஏழாம் நம்பர் தூங்கப் போய்விட்டது.

போயிருக்க வேண்டும்.

போயிருக்குமா?

பாட்டரிப் பையில் இன்னும் பத்தொன்பது இருந்தன. வாசல் பக்கம் கார்களின் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பெரிய ஆட்கள் வந்துவிட்டார்கள். உடனே எட்டாவது பெட்டிக்குப் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் புதிய பாட்டரி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி. பெட்டியின் மறைவில் குந்தியபடியே, யாருக்கும் தெரியாமல், போனைச் சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்து, கட்டைவிரலால் மெதுவாக, மிக மெதுவாக, திரையைக் கீழே இழுத்தான்.

டிங்.

"கேட்டீங்களா தம்பி, இப்பத்தான் ஏழாம் நம்பர் நூறுன்னு காட்டுச்சு, அதுக்குள்ள வந்துட்டான்!" என்று மேஜையிலிருந்து திரும்பாமலே கத்தினார் கிடங்கு அம்மா. "மத்த பத்தொம்பதும் ஒட்டின நாள்ல இருந்து நூறு குறையாம நிம்மதியாத் தூங்குது, இது ஒண்ணை மட்டும் உங்க ஆபீஸ்ல எவனோ பொழுதன்னைக்கும் 'எப்படி இருக்க, எப்படி இருக்க'ன்னு எழுப்பி எழுப்பியே கொல்றான், ஏன் தம்பி, அந்த ஆளு வீட்டுல கைக்குழந்தை எதுவும் கிடையாதா?"